வெள்ளைப்பூ உத்தரவு

முப்பிடாதி அம்மன் துணை

புனலூர்
கொல்லம் 1114, மகரம் 5

குத்துக்கல்வலசையில் இருக்கும் மதினி ரெங்கம்மாள் அவர்களுக்குத் தளவாய் விழுந்து கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கு நான் சுகம். அங்கே தாங்களும் குழந்தை பேச்சித்தாயும் சுகமாயிருக்க வேண்டும். குழந்தை என்று எழுதிவிட்டேன். நான் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்கு ஐந்து வயசு. இப்போது கல்யாணமே ஆகியிருக்கும்.

இத்தனை வருஷம் கழித்து இவன் எதற்கு எழுதுகிறான் என்று தோன்றும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வாந்திபேதி ஊரை வாரிக்கொண்டு போன அந்த ஆவணியில் அண்ணன் விழுந்தார். தென்காசியிலிருந்து கம்பவுண்டரைக் கூட்டி வரச்சொல்லி, அவர் வராவிட்டால் மருந்தையாவது வாங்கி வரச்சொல்லி, தாங்கள்தான் வண்டியைப் பூட்டி என்னை அனுப்பினீர்கள். நான் திரும்பி வரவில்லை. பயந்து ரயிலேறி மலைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டேன். அண்ணன் அன்றைக்கே போய்விட்டார் என்பதை ஒரு மாதம் கழித்து, அரிசி ஏற்றி வந்த தென்காசிக்காரர் வாயால் கேட்டேன். கொள்ளி வைக்க இருந்த ஒரே தம்பி நான். அதையும் செய்யவில்லை.

இங்கே ஒரு ராவுத்தர் அரிசி மண்டியில் எடை போடுகிறேன். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சாய்ப்புக் கொட்டகையில் படுக்கை. அந்த வீட்டு அம்மாள் மெஹர் பானு நல்ல மாதிரி. குறை ஒன்றும் இல்லை.

கேட்பது ஒன்றுதான். ஒரு தடவை ஊருக்கு வந்து அம்மன் கோயில் வாசலில் விழுந்து எழுந்திருக்க உத்தரவு வேண்டும். வீட்டுக்குள் வர மாட்டேன். தெருவில் நின்று தங்களையும் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவேன்.

பதில் போட்டால் பாக்கியம். போடாவிட்டாலும் நியாயம்.

இப்படிக்கு
தளவாய்

*

குத்துக்கல்வலசை
வெகுதானிய வருஷம், மாசி 10

தளவாய் அவர்களுக்கு ரெங்கம்மாள் எழுதுவது. இங்கு நாங்கள் உயிரோடு இருக்கிறோம். பேச்சித்தாயைத் திருவேங்கடத்தில் கட்டிக் கொடுத்தாயிற்று. கரிசல் காட்டுக்காரன், உழைப்பாளி. வீட்டில் நான் ஒருத்திதான்.

உம்முடைய கடுதாசி வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. கிழித்துப் போடவில்லை, அடுப்பிலும் வைக்கவில்லை. பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். படிக்க இரண்டு நாள், மறக்க இருபது நாள் என்று ஆகிவிட்டது. மறக்கவும் இல்லை.

நீர் போனதை எழுதினீர். நீர் போன பிறகு நடந்தது உமக்குத் தெரியாதே. நான் எழுதுகிறேன், படியும்.

காலையில் உம்மை அனுப்பினோம். உச்சிக்குள் அவர் பத்துத் தடவை கேட்டார். "ஏட்டி, வண்டிச் சத்தம் கேக்குதா பாரு. தம்பி வந்திருப்பான்." நான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். வெயில் சாய்கிற நேரத்தில் காளைகளின் கழுத்து மணி கேட்டது. "நான் சொன்னம்லா, வந்துட்டான்" என்று அவர் சிரித்தார். நான் ஓடினேன். வண்டி வாசலில் வந்து நின்றது. வண்டியில் யாரும் இல்லை. காளைகள் வழி தெரிந்து தாமாக வந்திருந்தன. வைக்கோலைக் கிளறிப் பார்த்தேன், மருந்தாவது இருக்குமோ என்று. அதுவும் இல்லை. உள்ளே போய் அவரிடம் என்ன சொல்வது? "வந்துட்டான், மாட்டை அவுத்துக் கெட்டுதான்" என்று சொன்னேன். அந்தப் பொய்யோடுதான் அவர் கண்ணை மூடினார்.

நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது நீர் அரைஞாண் கயிற்றோடு திரிந்த பிள்ளை. என் கையால் உருட்டிக் கொடுத்த சோற்றைத் தின்று வளர்ந்தவர். அதனால்தான் கேட்கிறேன். இன்றைக்கும் வண்டி மணி கேட்டால் என்னை அறியாமல் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். ஊரே பார்த்துச் சிரிக்கிறது.

நீர் வருவதைப் பற்றி நான் ஒருத்தி சொல்ல முடியாது. நம் பங்காளி வகையறாவில் மூத்தவர் சங்கிலிப்பாண்டி அண்ணாச்சியைக் கேட்க வேண்டும். அதற்கு முன்னால் ஒன்று மட்டும் எழுதும். அன்றைக்கு நீர் மருந்து வாங்கினீரா, இல்லையா?

ரெங்கம்மாள்

*

புனலூர்
கும்பம் 18

மதினி அவர்களின் பாதத்துக்குத் தளவாய் எழுதிக்கொண்டது. தாங்கள் எழுதிய கடுதாசி கிடைத்தது. தங்கள் கையெழுத்தைப் பார்த்ததே போதும். பேச்சித்தாய்க்கும் அவள் வீட்டுக்காரருக்கும் என் ஆசீர்வாதம் என்று எழுத எனக்கு வாயில்லை. அவர்கள் நன்றாக இருக்கட்டும். நான் சுகம்.

காளைகள் வெறும் வண்டியோடு வந்ததை இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. தென்காசி ஸ்டேஷன் பக்கம் புளியமரத்தில் கட்டிவிட்டுத்தான் போனேன். கயிற்றை அறுத்துக்கொண்டு போயிருக்கின்றன. மாட்டுக்கு இருந்த அறிவு எனக்கு இல்லை.

இங்கே மண்டி வாசலில் நின்றால் கிழக்கே மலை தெரியும். ஆனி ஆடியில் இந்தப் பக்கம் மழை கொட்டும். மலை தாண்டிச் சிந்துகிற மிச்சம்தானே குற்றாலத்தில் சாரலாக விழுகிறது? நான் போக முடியாத இடத்துக்கு இந்த மழை போகிறதே என்று ஒவ்வொரு வருஷமும் நினைப்பேன். ஒருநாள் மழையிலேயே நின்றுகொண்டிருந்தேன். "இவருக்குப் பிராந்து" என்று மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் சொன்னார்கள். இங்கே பைத்தியத்துக்கு அப்படித்தான் பேர்.

அண்ணாச்சி என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம். வரக்கூடாது என்றாலும் சம்மதமே. எனக்கு எது கிடைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

தளவாய்

*

குத்துக்கல்வலசை
வெகுதானிய வருஷம், பங்குனி 12

தளவாய் அவர்களுக்கு. இங்கு சுகம். அறுப்பு முடிந்து கையும் காலும் ஓய்ந்து கிடக்கிறது. வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது.

அண்ணாச்சி வீட்டில் வகையறா கூடியது. ஒருத்தர் அடிக்க வேண்டும் என்றார். ஒருத்தர் பாவம் என்றார். "கூடப் பொறந்தவன் சாவக் கெடக்கும்போது ஓடுனவனுக்கு எந்த ஊருல எடம்?" என்று ஒரு கிழவி கேட்டாள். எல்லோரும் கடைசியில் என் முகத்தைப் பார்த்தார்கள். என் வாயால் வா என்றும் வராது, வராதே என்றும் வராது.

அப்போதுதான் அண்ணாச்சி சொன்னார். "மனுசன் முடிக்க முடியாத காரியம்டே இது. ஆத்தாகிட்ட பூக்கட்டிப் பாத்துருவோம்." எல்லோருக்கும் அது சரி என்று பட்டது.

உமக்கு மறந்திருக்கும். ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளைப்பூ, இன்னொன்றில் செவ்வரளி. இரண்டையும் ஒன்றுபோல மடித்து நாரால் கட்டி அம்மன் காலடியில் வைப்பது. பூசாரி குலுக்கிப் போட, ஒரு சின்னப் பிள்ளை ஒரு பொட்டலத்தை எடுக்கும். பூசாரி பிரித்துக் காட்டுவார். வெள்ளை வந்தால் அம்மன் சம்மதித்தாள். சிவப்பு வந்தால் இல்லை. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக்கூடாது, அப்படியே கிணற்றில் போட்டுவிட வேண்டும். யாருக்கு நஷ்டமோ அவர்கள் கையால்தான் பூவைக் கட்ட வேண்டும். ஆகவே நான்தான் கட்டுகிறேன். சித்திரையில் வெள்ளிக்கிழமை பார்த்து வைத்திருக்கிறது.

நான் கேட்டதற்கு நீர் பதில் எழுதவில்லை. மழையைப் பற்றி எழுதுகிறீர். மருந்து வாங்கினீரா, இல்லையா?

ரெங்கம்மாள்

*

புனலூர்
1939 ஏப்ரல் 20

அன்புள்ள ரெங்கம்மாள் அக்காவுக்கு மெஹர் பானு எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கு எங்கள் வீட்டார் சுகம். தங்கள் சுகத்துக்குத் துஆ செய்கிறேன். முகம் தெரியாதவள் எழுதுவதை மன்னிக்க வேண்டும். எனக்கும் பிறந்த ஊர் தென்காசிதான் என்பதால் துணிந்து எழுதுகிறேன். தளவாய் அண்ணனுக்கு இது தெரியாது.

அவர் சுகம் என்று எழுதுவதை நம்பாதீர்கள். போன வருஷத்திலிருந்தே இருமல். இந்தத் தை மாதம் முதல் ரத்தம் வருகிறது. டாக்டர் காசம் என்று சொல்லிவிட்டார். மூட்டை தூக்க முடியாது. எங்கள் வீட்டுக்காரர் அவரை உட்கார்ந்து எடை பார்க்கச் சொல்லியிருக்கிறார், அதற்கும் அவர் கூச்சப்படுகிறார்.

உங்கள் கடுதாசி வரும் நாளில் அவர் சாப்பிடுவதில்லை. நீங்கள் ஏதோ கேட்கிறீர்கள், அவர் அதற்குப் பதில் எழுத உட்காருகிறார், எழுதாமலே எழுந்துவிடுகிறார். என்னவென்று கேட்டேன். தகரப் பெட்டியைத் திறந்து ஒரு மருந்துப் புட்டியைக் காட்டினார். கார்க் கூடத் திறக்காத புட்டி. "அண்ணனுக்கு வாங்குனது அம்மா. மருந்த மடியில வச்சிக்கிட்டுத்தான் ரயில்ல ஏறுனேன். தெருவுல பொணமாப் போய்க்கிட்டிருந்தது. எனக்குக் கண்ணு தெரியல" என்று சொல்லி அழுதார். நான் ஒரு ஆண் பிள்ளை அப்படி அழுது பார்த்ததில்லை.

அக்கா, உங்கள் அம்மனிடம் வெள்ளைப்பூ கேட்கிறீர்களாம். நானும் என் தொழுகையில் அதையே கேட்கிறேன். இந்த மனுஷருக்கு அதிக நாள் இல்லை.

உங்கள் மனசு இளக வேண்டும் என்று எழுதினேன். தவறிருந்தால் பொறுக்கவும்.

மெஹர் பானு

*

குத்துக்கல்வலசை
பிரமாதி வருஷம், சித்திரை 16

தளவாய் அவர்களுக்கு. இங்கு சுகம்.

நேற்று வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தது. வெள்ளை வந்தது.

நீர் வரலாம். வெயில் தாழ்ந்து சாரல் கட்டியதும் முதலில் குற்றாலத்துக்கு வந்து குளித்துக் குற்றாலநாதரைக் கும்பிட்டுவிட்டு, சத்திரத்தில் தங்கும். பிறகு ஊருக்குள் வருவது முறை என்று அண்ணாச்சி சொல்கிறார். வந்ததும் தகவல் சொல்லும். வண்டி அனுப்புவார்.

மருந்தைப் பற்றி இனி எழுத வேண்டாம். தெரிந்துகொண்டேன்.

ரெங்கம்மாள்

*

புனலூர்
மேடம் 25

என்னைப் பெற்ற தாய்க்குச் சமமான மதினி அவர்களுக்கு, தளவாய் ஆயிரம் தடவை விழுந்து கும்பிட்டு எழுதிக்கொண்டது.

கடுதாசியைப் பானு அம்மாள்தான் படித்துக் காட்டினார்கள். வெள்ளை வந்தது என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, மறுபடியும் படிக்கச் சொன்னேன். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தார்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சிவப்பு வரும் என்றுதான் இருந்தேன். சிவப்பு வந்தால் என்ன செய்வது என்று எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். வெள்ளை வந்தால் என்ன செய்வது என்று ஒன்றுமே யோசிக்கவில்லை.

ஆத்தா கொடுத்தாள். ஆனால் பூவைக் கட்டியது உங்கள் கை. கணவனைப் பறிகொடுத்த கையால் எனக்காக ஒரு வெள்ளைப்பூவை எடுத்து இலையில் வைத்திருக்கிறீர்கள். அதை வைக்கும்போது மனசு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்து நினைத்து அழுகிறேன். உங்கள் மனசு அந்தப் பூவைவிட வெள்ளை. இந்த ஜென்மத்தில் உங்களுக்கு நான் எதைச் செய்து தீர்ப்பேன்?

மருந்துப் புட்டியை எடுத்து வருகிறேன். உங்கள் கையில் கொடுத்துவிடுகிறேன். பிறகு அதை என்ன செய்தாலும் சரி.

உடம்பு கொஞ்சம் அசதி. மழை தொடங்கியதும் புறப்படுவேன்.

தங்கள் தளவாய்

*

குத்துக்கல்வலசை
பிரமாதி வருஷம், வைகாசி 20

தம்பி தளவாய்க்கு ரெங்கம்மாள் எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது? அசதி என்று எழுதாதே, உள்ளதை எழுது. எனக்குத் தெரியும்.

உன் கடுதாசி வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. பதில் எழுத உட்காருவேன், பேனாவை வைத்துவிடுவேன். நீயும் இப்படித்தான் இருந்திருக்கிறாய் போல. நம் இரண்டு பேருக்கும் ஒரே வியாதி.

எனக்கு நன்றி சொல்லி இனி ஒரு வரி எழுதாதே.

நான் வெள்ளைப்பூ வைக்கவில்லை. இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளிதான் வைத்தேன்.

பங்குனி வரைக்கும் ஒழுங்காகக் கட்ட வேண்டும் என்றுதான் இருந்தேன். பானு அம்மாள் உன் புட்டியைப் பற்றி எனக்கு எழுதினாள். நல்ல மனசோடு எழுதினாள், எனக்கோ பற்றி எரிந்தது. மருந்து கிடைக்கவில்லை என்று இருந்தால்கூட என் மனசு ஆறியிருக்கும். கையில் மருந்து இருந்திருக்கிறது. அவர் உள்ளே கிடந்து மணிச்சத்தம் கேட்கிறார், மருந்து மலையேறிப் போகிறது. ஆத்தா ஒருவேளை இரக்கப்பட்டுவிடுவாளோ என்று பயந்து, அவளுக்கு அந்த வழியையே அடைத்துவிட்டேன். கோயிலுக்குப் பின்னால் நந்தியாவட்டை வெள்ளையாகப் பூத்துக் குலுங்குகிறது. அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

மாடன் பூசாரி இரண்டையும் தட்டில் போட்டுக் குலுக்கினான். முப்பிடாதி என்று அம்மன் பெயரையே வைத்த ஒரு சின்னப் பெண் ஒன்றை எடுத்தாள். மாடன் நாரை அவிழ்த்துக் கையை விரித்தான். வெள்ளை. கூட்டம் குலவை போட்டது. எனக்குக் காது அடைத்துவிட்டது. நின்ற இடத்திலேயே உட்கார்ந்தேன். சந்தோஷத்தில் மயங்கிவிட்டாள் என்று எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

தளவாய், நான் வைக்காத பூ அது. உனக்குக் கொடுக்கக்கூடாது என்று நான் மறைத்ததை அவள் கொடுத்தாள். கோபத்தில் அவள் சந்நிதியிலேயே திருட்டுத்தனம் செய்தவளை எரித்துப் போட்டிருக்கலாம். அதுவும் செய்யவில்லை. என்னை எல்லோர் முன்னாலும் நல்லவளாக்கிவிட்டாள். உன்னைவிட எனக்குத்தான் அவள் அதிகமாகக் கொடுத்திருக்கிறாள் என்று இப்போது தோன்றுகிறது. வாங்கிக்கொள்ளக் கை கூசுகிறது.

கோபம் வந்தால் வரட்டும், ஆனால் வா. சீக்கிரம் வா.

உன் மதினி

*

குற்றாலம், சத்திரம்
பிரமாதி வருஷம், ஆனி 8

மதினிக்குத் தளவாய் கும்பிட்டு எழுதுவது. நேற்று வந்து சேர்ந்தேன். செங்கோட்டை தாண்டியதும் காற்று மாறியது. நம் பக்கத்துக் காற்று என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். பானு அம்மாள் வீட்டுக்காரர் கூட வந்து, சத்திரத்தில் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினார். உள்ளதை எழுதச் சொன்னீர்கள். இருமல் அதிகம். நாலடி நடந்தால் உட்கார வேண்டியிருக்கிறது.

உங்கள் கடுதாசியைப் படித்து எனக்குக் கோபம் வரவில்லை மதினி. நீங்கள் வைத்த சிவப்புத்தான் நியாயம். எனக்கு வர வேண்டியது அதுதான். ஆத்தா கொடுத்தது நியாயத்தில் சேர்ந்தது இல்லை, அது வேறு. முன்பு வெள்ளை வந்தது என்று கேட்டபோது, எங்கேயோ எனக்குள் கொஞ்சம் நல்லது இருந்திருக்கும், அதைப் பார்த்து அவள் கொடுத்தாள் என்று ஒரு ஓரத்தில் நினைத்துக்கொண்டேன். இப்போது அதுவும் போய்விட்டது. யாருமே எனக்காக வைக்காத பூ எனக்கு வந்திருக்கிறது. சும்மா வாங்கிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. கடனைத் தீர்ப்பது சுலபம், இது அப்படி இல்லை.

அருவிக்கு அடியில் போய் நிற்கப் பலம் இல்லை. தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டேன். சாரல் அங்கேயே வந்து நனைத்துவிட்டது. பெரியவர் ஒருவர் தலை துவட்டத் துண்டு கொடுத்தார். குற்றாலநாதர் சந்நிதியில் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. அழுதுவிட்டு வந்தேன்.

ஒரே ஒரு வேண்டுதல். வண்டி அனுப்ப வேண்டாம். நம் வீட்டு வண்டியில் ஏறி உட்கார என்னால் முடியாது. உட்கார்ந்து உட்கார்ந்து நடந்தே வந்துவிடுகிறேன்.

தளவாய்

*

குத்துக்கல்வலசை
ஆனி 9

தளவாய்க்கு. நடந்து வந்தால் காலை ஒடிப்பேன். நம் வண்டிதான் வரும். காளைகள் வேறு, மணி அதே மணி. அண்ணாச்சி ஓட்டுகிறார். நானும் வருகிறேன். நாளைக் காலையில் சத்திரத்து வாசலில் இரு. அதுவரை சூடாக ஏதாவது குடி.

மதினி

*

குத்துக்கல்வலசை
பிரமாதி வருஷம், ஆடி 22

அன்புள்ள தங்கை மெஹர் பானுவுக்கு ரெங்கம்மாள் எழுதுவது. நீயும் உன் வீட்டாரும் சுகமா? உன் வீட்டுக்காரர் சத்திரம் வரை வந்து விட்டுப்போனதை நாங்கள் மறக்க மாட்டோம். தந்தி கிடைத்திருக்கும். என் தம்பி தளவாய் ஆடி பிறந்த வாரத்தில் போய்விட்டான். எப்படி இருந்தான், எப்படிப் போனான் என்று நீ அறிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். அவன் உன் வீட்டுச் சோற்றைப் பன்னிரண்டு வருஷம் தின்றவன்.

சத்திரத்து வாசலில் எலும்பும் தோலுமாக ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். எனக்கு அடையாளம் தெரியவில்லை. "மதினி" என்று எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. அவனைப் பார்த்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்று இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தேன். வாயில் வந்தது, "சாப்பிட்டியாலே?" என்பது மட்டும்தான். அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். கொண்டுபோன சோற்றை உருட்டிக் கொடுத்தேன். சின்னப் பிள்ளையில் தின்றது போலவே தின்றான்.

வண்டியில் வைக்கோலில் படுக்க வைத்தோம். வழியெல்லாம் மணிச்சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தான். அம்மன் கோயில் முன்னால் நிறுத்தியபோது, இறங்க முடியாது என்று மாடன் பூசாரி தீர்த்தத்தையும் குங்குமத்தையும் வண்டிக்கே கொண்டு வந்தான். தளவாய் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டு, "இங்கேருந்தே போதும் மதினி, திருப்பிக் கொண்டு விட்டுருங்க" என்றான். "உள்ள வாலே, ஒங்க வீடுதான" என்றேன். வந்தான். பேச்சித்தாய் திருவேங்கடத்திலிருந்து வந்து சித்தப்பா என்று காலைப் பிடித்துவிட்டாள். அந்தச் சில வாரமும் யார் எதைக் கொடுத்தாலும், ஒரு வாய்த் தண்ணீர் என்றாலும், கும்பிட்டுத்தான் வாங்கினான். எனக்குத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை.

சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு முற்பகலில் போனான். என் வீட்டுக்காரர் கிடந்த அதே அறை. கடைசித் தண்ணீர் என் கையால்தான். நான் வைத்த சிவப்பு நின்றிருந்தால், இந்தத் தண்ணீரை நீ ஊற்றியிருப்பாய். ஊற்றியிருப்பாய் என்று தெரியும். ஆனால் நான் அதற்கப்புறம் எதற்காக இருந்திருப்பேன்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காரியம் எல்லாம் முடிந்து, கோயிலுக்குப் போயிருந்தேன். மனசு கேட்காமல் மாடனிடம் இரண்டிலும் சிவப்பு வைத்ததைச் சொல்லிவிட்டேன். அவன் சுற்றிலும் ஒரு தடவை பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான்.

"நீ ரெண்டுலயும் வச்சது எனக்குத் தெரியாது தாயி. நான் பிரிச்சது செவப்புதான். அத உள்ளங்கையில ஒதுக்கிக்கிட்டு, மடியில இருந்த வெள்ளையக் காட்டுனேன். கல்யாணம், கெணறு வெட்டுன்னு கேட்டா ஆத்தா விட்ட வழின்னு சும்மா இருந்துருவேன். ஒருத்தன் வீட்டுக்குத் திரும்பி வரட்டுமான்னு கேக்க வந்தா மட்டும், மடியில ஒரு வெள்ளைப்பூ இல்லாம நான் தட்டத் தொட மாட்டேன். எங்கப்பனும் இப்படித்தான். வெளிய சொல்லிராத."

எனக்கு முதலில் ஆத்திரமாக வந்தது. அம்மன் கொடுத்தாள் என்று நான் விழுந்து எழுந்ததெல்லாம் இந்த மாடன் செய்த வேலையா? தளவாய் அதை நம்பிக்கொண்டே செத்தானே! வீட்டுக்கு வந்து அடுப்பைக்கூடப் பற்ற வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு யோசித்தேன். அந்த வெள்ளைப்பூ என் கையில் இருந்திருக்க வேண்டும், இல்லை. வகையறாவில் யார் கையிலும் இல்லை. ஒரு கையிலாவது இருக்கும்படி யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மாடன் மடியில் அதை வைத்தவள் யார்? அவன் அப்பன் மடியில் வைத்தவள் யார்? எனக்கு அதற்கு மேல் அறிவு போதாது. மறுநாள் போய் நந்தியாவட்டையில் ஒரு கைப்பூப் பறித்து மாடனிடம் கொடுத்து, மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே வாங்கினான்.

தளவாய் கொண்டு வந்த புட்டியை நான் உடைக்கவும் இல்லை, கொட்டவும் இல்லை. அவருடைய விளக்குக்குப் பக்கத்தில் மாடத்தில் வைத்திருக்கிறேன். மருந்து வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று அன்றைக்கே அவரிடம் சொல்லிவிட்டேன்.

இங்கே சாரல் நிற்காமல் விழுகிறது. உங்கள் பக்கத்து மழையின் மிச்சம் என்று அவன் சொல்வான். ஒருமுறை பிள்ளைகளோடு வா. இந்தப் பக்கம்தானே நீயும் பிறந்தாய்? வந்தால் என் வீட்டில்தான் தங்க வேண்டும்.

நேற்று மத்தியானம் தெருவில் ஒரு வண்டி மணி கேட்டது. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். எழுந்திருக்கவில்லை. வண்டி வாசலைத் தாண்டிப் போகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே களைந்து முடித்தேன்.

உன் அக்கா
ரெங்கம்மாள்